காணிக்கைப் பையில் விழுந்த சிகரெட்

மோராக்கின் கடைக்குள் நான் நுழைந்தால் அவள் கை தானாகப் பின்பக்கம் போகும். அங்கே சுவரில் சாம்பல் நிறக் கதவு போட்ட ஓர் அலமாரி இருக்கிறது. இந்த நாட்டில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைத்து விற்கக் கூடாது. நாம் பெயரைச் சொன்னால் கதவை ஒரு சாண் நகர்த்தி, பெட்டியை எடுத்துத் தந்துவிட்டு உடனே மூடிவிடுவார்கள். ஆறு வருடமாக நான் பெயர்கூடச் சொன்னதில்லை. வாசல் மணி அடிக்கும், கதவு நகரும், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. சிகரெட்டை நிறுத்தி நான்கு நாள் கழித்துப் பால் வாங்கப் போனபோதும் அவள் கதவை நகர்த்தினாள். "நோ, நோ" என்றேன். வேறு ரகம் கேட்கிறேன் என்று நினைத்து மேல்தட்டைக் காட்டினாள். அதற்கும் இல்லை என்று தலையை அசைத்தேன். அவள் முகத்தில் கவலை வந்தது. பெட்டி பெட்டியாக எடுத்துக் காட்டத் தொடங்கினாள். நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து மேசையில் வைத்துக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் அதே கூத்து, மறுநாளும் வாழைப்பழம். பாலை இரண்டு நாளும் மறந்தேன்.

கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மின்வேலைக்காரன். வளைகுடாவில் சில வருடங்கள் கிடந்துவிட்டு, நர்ஸாக வேலை கிடைத்த மனைவி ஷைனியின் பின்னால் ஸ்காட்லாந்தின் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தவன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பல்பு மாற்றுவது, குழாய் சரிசெய்வது, ஹீட்டரைத் தட்டி எழுப்புவது என் வேலை. இருபத்திரண்டு வருடம் புகைத்தேன். விட்டதற்குக் காரணம் ஞானோதயம் எதுவும் இல்லை, வெட்கம்தான். ஒருநாள் மூன்றாம் மாடியில் பல்பு மாற்ற ஏணியில் ஏறியவன் நான்காவது படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அந்த அறையில் இருப்பவருக்கு எண்பத்தாறு வயது. இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அவர் தன் சட்டத்தை விட்டுவிட்டு வந்து என் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "சிட் டவுன், சன்" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். அவருக்கு வந்த டீயில் பாதியை எனக்குக் கொடுத்தார். அன்று மாலை பெட்டியில் மிச்சம் இருந்ததைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டேன்.

விட்டவுடன் நான் வீரனாகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. இருமல் குறைந்தது, படி ஏறும்போது நெஞ்சு இடிக்கவில்லை. மூன்றாவது வாரம் என்னமோ ஆயிற்று. ஒரு காரணமும் இல்லாமல் மனம் படுத்துக்கொண்டது. அழுகை என்று சொல்ல முடியாது. எதுவும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஷைனி மீன்குழம்பு வைத்தால் வெந்நீரில் மிளகாய் போட்டதுபோல இருந்தது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க நேரமானால் கண் நிறைந்தது. வேலையிடத்தில் குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தம் போல ஒரு புகைக் கூடாரம் இருந்தது. இந்த ஊரில் என்னோடு மனம்விட்டுப் பேசியவர்கள் எல்லாரும் அந்தக் கூடாரத்துக்காரர்கள். சமையற்கட்டில் வேலை பார்க்கும் கார்டன் என்பவனும் சலவைக்காரப் பெண்களும் கால்பந்தையும் மழையையும் மேலதிகாரியையும் சேர்த்துத் திட்டுகிற இடம் அது. இப்போது அங்கே போனால் புகைத்துவிடுவேன் என்று பயந்து, இடைவேளையில் காருக்குள் தனியாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றேன். சிகரெட்டோடு சேர்ந்து ஆட்களும் போய்விட்டார்கள்.

புகை நிறுத்துவோருக்கென்று இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உண்டு. முதல் சந்திப்பிலேயே அவர் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்து, "யூ மே ஃபீல் லோ" என்று இரண்டு தடவை சொன்னார். நான் பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தேன். இந்த ஊர்க்காரர்களுக்கு மழை பெய்தாலும் மனச்சோர்வு, வெயில் அடித்தாலும் அது நாளைக்கு இருக்காதே என்று மனச்சோர்வு. நாம் வளைகுடா வெயிலில் வயர் இழுத்த ஆட்கள், நமக்கு அதெல்லாம் வருமா? வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மசாலா டப்பாக்களின் அடியில் விரித்துவிட்டேன். பிறகு அவர் போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் "குட், குட்" என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

அப்படியானால் இந்தத் துக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பதில் கையிலேயே இருந்தது. ஊர் ஏக்கம். புலம்பெயர்ந்தவனுக்கு அது எவ்வளவு வசதியான பதில் என்பது உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தலைவலித்தால் ஊர் ஏக்கம், மனைவியோடு சண்டை வந்தால் ஊர் ஏக்கம், தும்மினால்கூட ஊரில் யாரோ நினைக்கிறார்கள். நானும் மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் கருங்கல் சந்தையின் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க முடிவு உறுதியாயிற்று. இந்தக் குளிரும் இந்தச் சாம்பல் வானமும்தான் என்னைத் தின்கின்றன, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட வேண்டியதுதான். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஷைனியிடம் காட்டினேன்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "ஆறு வருசமா இல்லாத ஊர்நெனப்பு இப்பம் எங்கேருந்து வந்துது?" என்றாள்.

"உள்ளுக்குள்ள இருந்திருக்கும். புகை மறச்சு வச்சிருந்துது."

"நீங்க சிகரெட்டு வலிச்சப்பம் இத்தரையும் மோசமில்ல பாத்துக்கிடுங்க" என்றாள். பிறகு அவளே அந்தப் பேச்சுக்கு வருந்தியவள்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இத அனுப்பாதிங்க. மூணு ஆழ்ச்ச லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வாங்க. அஞ்ச ஊருல போயிட்டும் இது தான் செரின்னு தோணிச்சின்னா அனுப்புங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் வேலை இங்கே, வீட்டுக்கடன் இங்கே. நான் அந்தக் கடிதத்தை அனுப்பினால் எங்கள் குடும்பம் இரண்டாகும் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் அவள் அப்படிச் சொன்னாள்.

மூன்று வார லீவில் ஊருக்கு வந்தேன். அங்கே அம்மா மட்டும்தான். வந்து இறங்கியதும் என் சட்டை துணிமணிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். நான் புகைத்ததும் வீட்டுக்குத் தெரியாது, விட்டதும் தெரியாது என்பது என் எண்ணம். லீவில் வரும்போதெல்லாம் ஜங்ஷன் வரை நடந்துபோய்ப் புகைத்துவிட்டு, கிராம்பு மென்று, கொய்யா இலையைக் கையில் கசக்கித் தேய்த்துக்கொண்டு திரும்புகிற கெட்டிக்காரன் நான். இந்த முறை அந்த வேலை இல்லை. அம்மா மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் வைத்தார். மழை ஓய்ந்திருந்தது. வெயில் இருந்தது. பேசுவதற்குத் தமிழ் இருந்தது. நான் ஏங்கியது எல்லாம் தட்டில் வைத்துத் தரப்பட்டிருந்தது. சாப்பிட்டேன். வெந்நீரில் மிளகாய்.

பயணக் களைப்பு என்று சொல்லி நாலு நாளைக் கடத்தினேன். ஐந்தாம் நாள் சிதறால் மலைக்குப் போனேன். இளவயதில் அந்தப் பாதையில் மூன்று இடத்தில் உட்காருவேன், உட்காரும் இடமெல்லாம் பற்றவைப்பேன். இந்த முறை உட்காராமல் ஏறினேன். உச்சிப் பாறையில் வந்து நின்றபோது மூச்சு சாதாரணமாக இருந்தது. உடம்பு ஜெயித்துவிட்டது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் தென்னந்தலைகள், நடுவே ஆறு. பாறையில் செதுக்கிய சமணர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு அவர்களுக்கு எதிரே உம்மென்று நின்றேன். உலகத்தில் நான் நிற்க விரும்பிய இடம் இது, நின்றுகொண்டிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பயம் வேறு யாருக்கும் வர வேண்டாம். ஸ்காட்லாந்தில் துக்கமாக இருந்தபோது ஊர் இருக்கிறது என்ற ஒரு தெம்பு இருந்தது. ஊரிலும் துக்கம் என்றால் இனி எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை சபைக்குப் போகிற வழியில் ஜங்ஷன் பெட்டிக்கடையில் நின்றேன். இங்கே கதவும் இல்லை, சட்டமும் இல்லை. மேலே மட்டி, ஏத்தன் என்று வாழைக்குலைகள் தொங்குகின்றன, கீழே மிட்டாய் ஜாடிகளுக்கு நடுவே சிகரெட். கடைக்கார மணி என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு சிகரெட்டை உருவி நீட்டினார். இரண்டு தேசத்திலும் எனக்கு ஒரே அடையாளம்தான் போலும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது வாரத்துக்குப் பிறகு அதை விரல்களில் பிடித்தேன். ஆராதனை முடிந்து திரும்பும்போது புகைப்பது, புகைத்துவிட்டுக் கடிதத்தை அனுப்புவது, இரண்டையும் இன்றைக்கே முடித்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு சட்டைப்பையில் போட்டேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் காணிக்கை எடுப்பதற்கு முன் சபைச் செயலாளர் ஸ்தோத்திரப் பட்டியல் வாசிப்பார். பிள்ளைக்கு வேலை கிடைத்தது, பசு சுகமாகக் கன்று போட்டது, பைக்கிலிருந்து விழுந்தும் அடிபடவில்லை என்று அவரவர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே படிப்பார். ஊர்ச் செய்தி முழுவதும் அதில் வந்துவிடும். நான் பாதிக் கவனத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அம்மாவின் பெயர் வந்தது. "மகன் எட்வின் புகைப்பழக்கத்தை விட்டுவிட, தாயின் இருபது வருட ஜெபத்தைக் கேட்ட தேவனுக்கு ஸ்தோத்திரம்."

நூற்றைம்பது தலைகள் திரும்பின. பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் திரும்பவில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் இருந்த சிகரெட் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை வேறு. எனக்குப் பின்னால் இருப்பவருக்கும் அது தெரிவதாகத் தோன்றியது. அதற்குள் பாட்டு ஆரம்பித்து, நீளக் கம்பில் மாட்டிய வெல்வெட் பை வரிசை வரிசையாக வந்துவிட்டது. காணிக்கைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். ரூபாய் நோட்டோடு சேர்ந்து சிகரெட்டும் கையில் வந்தது. திரும்ப வைக்க முடியாது, பக்கத்தில் ஆள். கீழே போட முடியாது, எதிரே பீடம். பை எனக்கு முன்னால் நின்றது. பாட்டின் ஒரு அடி முடிகிற நேரம் நான் முஷ்டியை உள்ளே விட்டு இரண்டையும் போட்டுவிட்டேன். பை அடுத்தவரிடம் நகர்ந்தது. வெட்கத்தால் காது எரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கை காலியாக வெளியே வந்தபோது ஒரு லேசு இருந்தது.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்றேன். காணிக்கை எண்ணுகிறவர்களில் ஒருவரான தாஸ் அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சவூதியில் தம்மாமில் வெகுகாலம் கிரேன் ஓட்டியவர், இப்போது ரப்பர் தோட்டத்தோடு இருக்கிறார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். சிகரெட் நடுவில் சற்று நசுங்கி இருந்தது.

"எட்வினே, இது உனக்கதா?"

"ஆமாண்ணே."

"செல்லாக்காசு போடுவானுவ, பட்டனு போடுவானுவ. இது இப்பந்தான் முதல்ல வருது" என்றார். சிரிக்கவில்லை. "எத்தர நாளாச்சு விட்டு?"

"ஒம்பது ஆழ்ச்ச."

"மனசு செத்துக் கெடக்கா?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஷைனியின் கேள்விகளையும் நர்ஸின் கேள்விகளையும் நான்தான் தட்டிவிட்டேன். இவரிடம் தட்ட முடியவில்லை. "ஊரு நெனப்புண்ணே. அஞ்ச இருக்க முடியல்ல. வேலைய விட்டுட்டு இஞ்சயே வந்திரலாம்னு எழுதி வச்சிருக்கேன்" என்றேன்.

"இப்பம் ஊர்லதான நிக்கிய. எப்பிடி இருக்கு?"

நான் கீழே கிடந்த வேப்பிலைகளைக் காலால் ஒதுக்கினேன். அவர் தலையாட்டினார்.

"நான் சிகரெட்டு வலிய விட்டது தம்மாம்ல வச்சு. விட்டு ஒரு மாசத்துல எனக்கு ஊர நெனச்சு ஒரே கரச்சலும் கண்ணீரும். கேம்புல எல்லாவனும் பாக்கியான், நான் தலையணைய வச்சு மூடிட்டுக் கரையுதேன். கம்பெனிக்கு எழுதிக் குடுத்திட்டு வந்திட்டேன். இஞ்ச வந்து ரெண்டு மாசம் அதே கரச்சல். அப்பம் சவூதிய நெனச்சு கரைஞ்சேன், கேட்டியா? சவூதிய நெனச்சு கரைஞ்சவன் இந்தச் சபையில நான் ஒருத்தன்தான் உண்டு."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, கொஞ்சம் இருமல்போல ஒலித்தது.

"பெறவு?"

"பெறவு ஒருநாள் காலத்த எழும்பினேன், அது இல்ல. கட்டன்சாயா நல்லா இருந்துது. அவ்வளவுதான். ஆனா வேல போச்சே, திரும்பக் கூப்பிடுவானா?" அவர் சிகரெட்டைப் பார்த்தார். "ஊரும் இல்ல, வெளிநாடும் இல்ல மக்கா. இதுதான் உள்ள கெடந்து கேக்குது. அதுக்கு நம்ம சொந்த விலாசம் தெரியும், அதனால ஊர்ப்பேரச் சொல்லிக் கேக்குது. வேணுமா, களையட்டா?"

"களைஞ்சிருங்கண்ணே" என்றேன். அவர் அதை உள்ளங்கையில் தேய்த்துத் தூளாக்கி மரத்தடியில் உதறினார்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு நேரத்தேயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"துணி அலக்குறவளுக்குத் தெரியாதா மக்களே. இந்தத் தடவ வந்தப்பம் உனக்க சட்டையில வெறும் வேர்ப்பு மணம். ரெண்டு தடவ மூக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் சீட்டு எழுதினேன்."

"இருவது வருசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல்ல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. எதுக்கு உன்னப் பொய் சொல்ல வைக்கணும்?"

அம்மா, விட்டுவிட்டேன், ஆனால் சந்தோஷமே இல்லை என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குப் பால் மறக்க வச்சப்பமும் இப்பிடித்தான், மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருந்த. கொறே நாளு ஒண்ணும் தின்னல்ல. பெறவு நீயே வந்து கஞ்சி கேட்ட" என்றார். மறுபடியும் மீனை எடுத்தார். நாற்பத்தைந்து வயதில் எனக்கு இரண்டாம் தடவை பால் மறக்க வைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, அந்தக் கடிதத்தை அடுக்களையில் நின்றே அழித்தேன்.

துக்கம் உடனே போய்விடவில்லை. ஆனால் அதன் உண்மையான பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்த நாய் குரைத்தால் அவ்வளவு பயம் இல்லை. ஸ்காட்லாந்து திரும்பியதும் கடுகு டப்பாவைத் தூக்கி, மஞ்சள் கறை படிந்த அந்தத் தாளை உருவிப் படித்தேன். சில வாரங்கள் மனம் சோர்ந்திருக்கலாம், நீடித்தால் வந்து சொல்லுங்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. போனேன். "குட்" என்ற சொல்லை எடுக்காமல் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடைவேளையில் டீயோடு கூடாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காற்று வராத பக்கமாக நின்று, "ஐ ஆம் லோ, கார்டன்" என்றேன். அவன் தன் சிகரெட்டைப் பாதியிலேயே அணைத்துவிட்டு, வா நடப்போம் என்று துறைமுகம் வரை கூட்டிக்கொண்டு போனான். அவனும் இரண்டு தடவை விட்டுப் பார்த்தவனாம். இரண்டு தடவையும் இந்த இடத்தில்தான் தோற்றேன் என்றான். அதற்கப்புறம் தினமும் நடந்தோம்.

ஒரு வியாழக்கிழமை. வெளியே காற்றும் மழையும் ஜன்னலை அறைந்துகொண்டிருந்தன. அதே மூன்றாம் மாடி அறையில் அதே பல்பு. எண்பத்தாறு வயதுக்காரர் ஏணியைப் பிடிக்க எழுந்தார், வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு ஏறினேன். மேல்படியில் நின்று பல்பைத் திருகும்போது அவர், "யூ ஆர் சிங்கிங்" என்றார். இல்லை என்றேன். "யெஸ், யூ ஆர்" என்றார். நின்று கவனித்தேன். காணிக்கை எடுக்கும்போது பாடுகிற எங்கள் சபைப் பாட்டு என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், உள்ளே அந்தத் துக்கம் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஏணி மேல் நின்று தமிழில் சொன்னேன். அவர் கை தட்டினார். என்ன புரிந்து தட்டினாரோ, முழுவதும் எனக்கு உரியதாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை மோராக்கின் கடைக்குப் போனேன். மணி அடித்தது. அவள் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. கூடைக்குப் போய், ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தது. எனக்கு இந்த ஊரில் புது அடையாளம் வந்துவிட்டது. முழங்கை நீளத்தில், அச்சில் வார்த்தது போன்ற மஞ்சள் பழங்கள். அவற்றைப் பார்த்ததும் ஊர் ஜங்ஷனில் மணியின் கடையில் தொங்குகிற மட்டிக்குலை ஞாபகம் வந்தது. விரல் அளவுப் பழம், தோலை உரித்தால் அறை முழுவதும் மணக்கும். காசை எடுக்க மறந்து அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை, இது புகை கேட்கிற குரல் இல்லை. அதெல்லாம் ஒழிந்துபோன இடத்தில் என் சொந்த ஊர் ஏக்கம் மட்டும் மிச்சமாக இருந்தது. ஒரு மட்டிப்பழ அளவுதான் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சுமக்கலாம், கை வலிக்காது.

"யூ ஆல்ரைட்?" என்றாள் மோராக்.

"ஐ மிஸ் எ பனானா" என்றேன்.

அவள் என்னையும் மேசையில் இருந்த சீப்பையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மிகுந்த இரக்கத்தோடு அதை என் பக்கம் இன்னும் சற்றுத் தள்ளி வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மழையில் நின்று ஒன்றை உரித்துத் தின்றேன். நன்றாகவே இருந்தது. மட்டிப்பழம் இல்லை, ஆனால் நன்றாக இருந்தது.